கேஷ் என்ற சொல் காசிலிருந்து வந்ததா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி என்று ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களின் பட்டியலை யார் போட்டாலும் அதில் கேஷும் இருக்கும். ‘நம்ம காசுதான் அங்கே கேஷ் ஆச்சு’ என்று பட்டிமன்ற மேடையில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் வருகிறது. தமிழ்ச் சொற்கள் கடல் கடந்து எங்கெல்லாம் போயின என்று தேடுவதில் எனக்குத் தீராத ஆசை. அதனாலேயே இந்தக் கதை பாதி சரியாகவும் பாதி தவறாகவும் சுற்றி வருவது மனசுக்கு உறுத்தலாக இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். காசிலிருந்து வந்ததா, இல்லையா?

ஒரே வரியில் சொல்ல முடியாது, ஏனென்றால் ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறந்த இடம் மட்டும் வேறு. ‘கேஷா, கார்டா?’ என்று கடையில் கேட்கிறார்களே, அந்தக் கேஷ் லத்தீன் வழியாக வந்தது. அதற்கும் காசுக்கும் ரத்த உறவு இல்லை. இன்னொரு கேஷ் ஒரு நாணயத்தின் பெயர். தென்னிந்தியாவிலும் ஜாவாவிலும் சீனாவிலும் புழங்கிய மதிப்புக் குறைந்த சில்லறையை ஐரோப்பியர்கள் அப்படி அழைத்தார்கள். அது நம் காசுதான். ஆக்ஸ்ஃபோர்டு போன்ற பெரிய அகராதிகளைப் புரட்டினால் இரண்டும் தனித்தனிப் பதிவாகவே இருக்கும்.

அப்படியானால் கடையில் கேட்கிற கேஷ் எங்கிருந்து வந்தது?

பெட்டியிலிருந்து. லத்தீனில் காப்சா என்றால் பெட்டி. ரோமானியர்கள் சுருள் ஏடுகளைப் போட்டுவைக்கும் உருளை வடிவப் பெட்டிக்கு அந்தப் பெயர். அது இத்தாலியில் காஸ்ஸா என்றும் பிரெஞ்சில் கேஸ் என்றும் திரிந்தது. வியாபாரிகளிடம் போனபோது பணப்பெட்டியைக் குறித்தது. 1590-களில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது.

வந்த புதிதில் ஆங்கிலத்திலும் அதற்குப் பெட்டி என்ற பொருள் இருந்தது. லண்டனில் இத்தாலிய மொழி கற்றுக்கொடுத்த ஜான் ஃப்ளோரியோ 1598-ல் ஓர் இத்தாலிய–ஆங்கில அகராதி வெளியிட்டார். அதில் காஸ்ஸா என்ற சொல்லுக்கு வியாபாரியின் கேஷ், அதாவது அவர் பணம் போட்டுவைக்கும் பெட்டி, என்று விளக்கம் கொடுத்திருக்கிறார். கிட்டத்தட்ட அதே வருடங்களில் ஷேக்ஸ்பியர் எழுதிய ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் அதே சொல் பெட்டியை விட்டு வெளியே வந்து பணமாகவே நிற்கிறது. பந்தயத்தில் ஜெயித்த எட்டு ஷில்லிங்கைக் கேட்டு ஒருவன் நச்சரிக்கிறான். தோற்றவன் பேரம் பேசுகிறான்: ஒரு நோபிள் தருகிறேன், உடனே தருகிறேன், கேஷாகவே தருகிறேன். ஒரு நோபிள் நாணயம் ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ். தொகையில் குறைத்துக்கொண்டு ரொக்கமாகக் கொடுக்கிற வழக்கம் நானூறு வருடத்துக்கு முன்னாலும் இருந்திருக்கிறது. கையில காசு, வாயில தோசை.

பெட்டியின் பெயர் பணத்துக்கு வருவது தமிழில் நமக்குப் பழக்கமான விஷயம். கல்லா என்பது கடைக்காரர் பணம் போடுகிற பெட்டி. ஆனால் ‘இன்னிக்கு கல்லா எவ்வளவு?’ என்று கேட்டால் யாரும் பெட்டியின் நீள அகலத்தைச் சொல்வதில்லை. ‘தீபாவளிக்கு நல்லா கல்லா கட்டிட்டாங்க’ என்றால் அதில் பெட்டியே கிடையாது. இத்தாலிய வியாபாரிகளிடமும் இதுதான் நடந்தது. அவர்களிடம் கணக்குப் புத்தகமும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் எழுதுகிற இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சோலி 1494-ல் வெனிஸில் அச்சிட்டு வெளியிட்டபோது, கையிருப்புப் பணத்துக்கான கணக்கின் தலைப்பே காஸ்ஸாதான். பெட்டிக்குள் பணம் போனால் காஸ்ஸா பற்று (டெபிட்), வெளியே போனால் காஸ்ஸா வரவு (கிரெடிட்). இப்படி எழுதி எழுதி, பெட்டி என்ற சொல் கணக்கில் ஒரு தலைப்பாகி, அப்புறம் அந்தத் தலைப்பின் கீழ் வருகிற பணமாகிவிட்டது. காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: ரொக்கப் புத்தகத்தின் ரொக்கப் பத்தியில் மட்டும் வரவு மீதி வரவே வராது. இருக்கிறதைவிட அதிகமாக ஒரு பெட்டியிலிருந்து எடுக்க முடியாதே!

பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இருக்கிற நம்மவர்களுக்கு இதைச் சொல்லியே தெரிய வேண்டியதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற இடத்துக்குப் பிரெஞ்சில் கேஸ், ஜெர்மனில் காஸ. ரஷ்யாவில் ரயில் டிக்கெட் கவுன்டர்கூட காஸாதான். அங்கெல்லாம் சொல் இன்னும் பெட்டியை விட்டு முழுசாக இறங்கவில்லை. ஆங்கிலத்தில்தான் பெட்டி மறைந்து பணம் மட்டும் மிச்சமானது.

அந்தப் பெட்டியிலிருந்து வேறு எந்தச் சொற்கள் வந்தன?

நீங்கள் தினமும் சொல்கிறவைதான். சூட்கேஸில் இருக்கிற கேஸ், மருந்துக் கடையில் வாங்குகிற கேப்சூல், பாட்டு கேட்ட கேசட், லாரியின் சேசிஸ் எல்லாம் அந்த லத்தீன் பெட்டியின் பிள்ளைகள். கேசட் என்றால் பிரெஞ்சில் குட்டிப் பெட்டி. கோர்ட்டில் போடுகிற கேஸ் மட்டும் வேறு குடும்பம். அது நிகழ்வு, நேர்ந்தது என்ற பொருளுள்ள இன்னொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

நம் காசு எப்படி ஆங்கிலத்துக்குப் போனது?

போர்த்துகீசியர்கள் வழியாக. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1600-ல்தான் தொடங்கியது. அதற்கு நூறு வருடம் முன்பே போர்த்துகீசியர்கள் இந்தக் கரையில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். 1510-ல் கோவாவைப் பிடித்தார்கள். இங்கே சந்தையில் கேட்ட காசு என்ற சொல்லை அவர்கள் கைஷா என்று எழுதிக்கொண்டார்கள். தமிழிலிருந்து நேராகப் போயிருக்கலாம், கொங்கணியில் இருந்த அதன் உருவத்திலிருந்தும் போயிருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் இரண்டையும் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு விசித்திரம். போர்த்துகீசிய மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி என்று பொருள். அதே லத்தீன் காப்சாவின் வழி வந்த சொல். அதாவது நம் காசு அவர்கள் வாயில் விழுந்தபோதே அவர்களுடைய பெட்டிச் சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டது. அப்புறம் ஆங்கிலேயர்கள் கைஷாவைத் தங்கள் வழக்கப்படி கேஷ் என்று எழுதினார்கள். அவர்களிடமும் பெட்டியிலிருந்து வந்த கேஷ் அதே காலத்தில்தான் புதிதாக நுழைந்திருந்தது. இரண்டு மொழியிலும் இரண்டு முறை ஒரே உருவம் எடுத்ததால்தான் இன்றைக்கு வரைக்கும் இந்தக் குழப்பம்.

இதை முதலில் தெளிவாகப் பிரித்து எழுதியவர்களில் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும் முக்கியமானவர்கள். ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கு அவர்கள் தொகுத்த பெரிய அகராதி 1886-ல் வந்தது. அதில் நாணயக் கேஷ் தமிழ்க் காசிலிருந்தோ அதன் கொங்கணி உருவத்திலிருந்தோ போர்த்துகீசியம் வழியாக வந்ததாகத் தெரிகிறது என்றும், ஆங்கிலத்தில் சாதாரணமாக வழங்கும் பணக் கேஷ் ஐரோப்பியப் பணப்பெட்டியிலிருந்து வந்த தனிச் சொல் என்றும் போட்டிருக்கிறார்கள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அங்கே அரண்மனை நூலகத்திலிருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். காசு என்ற சொல்லை ஏட்டில் மட்டும் பார்த்தவர் இல்லை. தஞ்சாவூர்க் கடைத்தெருவிலும் கேட்டிருப்பார்.

சீன நாணயத்துக்கு ஏன் தமிழ்ப் பெயர்?

நடுவில் சதுர ஓட்டை போட்ட வட்டச் செம்புக் காசைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நாணயம் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க அதைக் கேஷ் காயின் என்கிறார்கள். சீனர்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது வென். இந்தியக் கரையில் சின்னச் செம்பு நாணயத்துக்குக் காசு என்று பெயர் கற்றுக்கொண்ட போர்த்துகீசியர்கள், மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் மக்காவுக்கும் போனபோது அங்கே பார்த்த செம்புச் சில்லறைக்கும் அதே பெயரை வைத்தார்கள். ஆங்கிலேயர்கள் அதைப் பின்பற்றினார்கள். ஆயிரம் நாணயத்தைக் கயிற்றில் கோத்தால் அதற்கு ‘ஒரு சரம் கேஷ்’ என்று ஆங்கிலத்தில் பெயர். தஞ்சைப் பகுதியில் பழைய சீன நாணயங்கள் புதையலாகவே கிடைத்திருக்கின்றன. சோழர் காலத்து வணிகத்தில் அவர்கள் நாணயம் இங்கே வந்தது. பின்னால் நம் சொல் ஐரோப்பியர் வாய் வழியே அங்கே போனது.

ஆங்கிலத்துக்குத் தமிழ் என்ன கொடுத்தது என்று பெருமையாகச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். இரண்டாயிரம் வருடம் சீனா முழுக்கப் புழங்கிய நாணயத்தை இன்றைக்கு உலகம் தமிழ்ப் பெயரில் அழைக்கிறது. இதோடு ஒப்பிட்டால், பில் கவுன்டரில் கேட்கிற கேஷ் நம்முடையதா இல்லையா என்பது எனக்குச் சின்ன விஷயமாகவே தெரிகிறது.

சென்னையில் ‘கேஷ்’ என்றே நாணயம் இருந்ததா?

இருந்தது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். காசும் பணமும் வெவ்வேறு நாணயங்கள். ‘காசு பணம்’ என்று இன்றைக்குச் சேர்த்துச் சொல்கிறோமே, ஒரு காலத்தில் அது ‘பைசாவும் ரூபாயும்’ என்பதுபோல இரண்டு தனி இனங்கள். ஒரு வராகனுக்கு 3,360 காசு என்றால் ஒற்றைக் காசு எவ்வளவு அற்பம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணம் 1818-ல் ரூபாய்க்கு மாறியது.

1803-லும் 1808-லும் கம்பெனி இந்த நாணயங்களை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில் நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் அனுப்பியது. இருபது காசு நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கிப் பிடிக்கும் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் ரோமன் இலக்கத்தில் இருபது, பக்கத்தில் கேஷ் என்று ஆங்கிலத்தில். அதற்கு மேலே பாரசீக எழுத்தில் ‘பிஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்’ என்று ஒரு வாக்கியம். இருபது காஸ் நான்கு ஃபுலூஸ் என்ற செம்பு நாணயத்துக்குச் சமம் என்று அர்த்தம். ஒரே செம்புத் தகட்டில் நம் காசு ஆங்கிலத்தில் ஒரு முறை, பாரசீகத்தில் ஒரு முறை எழுதப்பட்டிருக்கிறது. இந்தச் சொல்லின் வரலாற்றுக்கு அந்த நாணயத்தைவிட நல்ல சாட்சி இல்லை என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு கப்பல் கதையும் உண்டு. அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பல் 48 டன் செம்பு நாணயங்களை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பியது. 1809 ஜனவரியில், இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முடிந்துபோன பயணம். 1980-களில் முக்குளிப்பவர்கள் அங்கிருந்து லட்சக்கணக்கில் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை எடுத்தார்கள். சென்னைச் சந்தையில் கீரை வாங்கவும் வெற்றிலை வாங்கவும் அடித்த சில்லறை, ஒரு நாளும் சென்னையைப் பார்க்காமலே உலகெங்கும் சேகரிப்பாளர்களின் பெட்டிகளுக்குப் போய்விட்டது.

கம்பெனி மட்டும் இல்லை. தரங்கம்பாடியில் 1620-லிருந்து இருந்த டேனிஷ்காரர்கள் தங்கள் நாணயத்தில் காஸ் என்றே பொறித்தார்கள். ஆங்கிலேயரைவிட அவர்கள் எழுத்து நம் உச்சரிப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1845-ல் அவர்கள் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அம்மன் காசு இருந்தது. சுண்டு விரல் நகத்தளவுச் செம்பு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. நவராத்திரி தானத்தில் அதைக் கொடுப்பார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அங்கே 1949 வரைக்கும் கேஷ் என்று பொறித்த நாணயம் செல்லுபடியானது. பத்மநாபபுரம், நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் அதைக் கொடுத்து மிட்டாய் வாங்கியிருப்பார்கள்.

காசு தமிழில் எப்போதும் சில்லறையைத்தான் குறித்ததா?

இல்லை, அதுதான் இன்னும் சுவாரசியம். குறுந்தொகை 67-ஆம் பாட்டில் ஒரு கிளி வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நக நுனியில் பிடித்திருக்கும் பொற்காசு மாதிரி இருந்ததாம். பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். மஞ்சள் பழம், கூரிய அலகு, கூரிய நகம், தங்கம். அங்கே காசு மாலையில் கோக்கிற பொன். இன்றைக்கும் கல்யாணத்தில் போடுகிற காசுமாலையில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது.

சோழர் காலத்தில் காசு நல்ல மதிப்புள்ள நாணயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த காசை ஊர்ச் சபைகளிடம் முதலாக விட்டு, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று வட்டி பேசியிருக்கிறார்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஒரு காசை எட்டாகப் பிரித்துக் கணக்குப் போடும் அளவுக்கு அது பெரிய தொகை.

அப்புறம் இறங்கிக்கொண்டே வந்து கம்பெனி காலத்தில் மிகச் சின்னச் செம்பாகிவிட்டது. ‘காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், காற்றைப்போலப் பறக்கவும் வேண்டும்’ என்ற பழமொழி அந்தச் செம்புக் காசை வைத்துத்தான் பொருந்தும். ராஜராஜன் காலத்துப் பொற்காசை நினைத்துக்கொண்டு அதைச் சொன்னால் கேலியில் பாதி போய்விடும். சல்லிக்காசு, செல்லாக்காசு எல்லாம் இந்த வழியில் வந்தவை. இன்றைக்கு ரூபாயில் நூறில் ஒரு பங்கும் காசு. ‘நிறைய காசு வச்சிருக்கான்’ என்றால் மொத்தச் சொத்தும் காசு. தங்க மணியிலிருந்து தொடங்கி, பொன் நாணயம், செம்புச் சில்லறை, பொதுவாகப் பணம் என்று ஏறி இறங்கியிருக்கிறது. வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்லிக்கொடுக்கிறார்களே, அங்கேயும் ஒன்று கிடக்கிறது.

காசு சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்கிறார்களே?

பொன், வெள்ளி நிறுக்கிற கர்ஷம் என்ற எடைக்குச் சமஸ்கிருதத்தில் உள்ள பெயரோடு காசைத் தொடர்புபடுத்துகிற கருத்து பழைய ஆங்கில அகராதிகளிலேயே இருக்கிறது. அது எப்படி இருந்தாலும் போர்த்துகீசியர்கள் கேட்டது காசைத்தான், கர்ஷத்தை இல்லை.

கேஷ் என்றால் நோட்டுதானே? அதில் பொருள் மாற்றம் எங்கே வந்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னால் லண்டனில் போய் ஒரு நோட்டைக் காட்டி ‘இது கேஷ்’ என்று சொன்னால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கேஷ் என்றால் உலோகம்: பொன், வெள்ளி நாணயம். நோட்டு என்பது கேஷ் தருவதாக வங்கி எழுதிக் கொடுத்த வாக்குறுதி. அதைக் கொண்டுபோய் நீட்டினால் பாங்க் ஆஃப் இங்கிலாந்து எண்ணிப் பொன் கொடுக்க வேண்டும்.

1797 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை ஒன்று வேல்ஸ் கரையில் ஃபிஷ்கார்டு அருகே இறங்கியது. சின்னப் படைதான், சீக்கிரமே சரணடைந்தது. ஆனால் செய்தி பரவியதும் ஜனங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினார்கள். ஏற்கெனவே போர்ச் செலவில் பொன் கரைந்துகொண்டிருந்தது. நோட்டுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தும்படி அரசு உத்தரவிட்டது. அந்த உத்தரவின் பெயரே கேஷ் கொடுப்பனவை நிறுத்திவைத்தல் என்றுதான் ஆங்கில வரலாற்றில் வழங்குகிறது. மறுபடி பொன் கொடுக்க 1821 ஆயிற்று. நடுவில் இருபத்து நான்கு வருடம். ஒன்று, இரண்டு பவுண்டு நோட்டுகள் புதிதாக அச்சாகி சாமானியர் கைக்கு வந்தன. கடை, கூலி, வாடகை எல்லாம் காகிதத்தில் நடந்தன. கேஷாக மாற்றிக்கொள்ள வேண்டியது என்று இருந்த காகிதத்தையே ஜனங்கள் கேஷாகப் பார்க்கப் பழகிக்கொண்டது இப்படித்தான் தொடங்கியது. 1931-ல் பிரிட்டன் பொன் அடிப்படையை அடியோடு விட்டது. அதற்கப்புறம் நோட்டை மாற்றிக் கேட்க வேறு கேஷே இல்லை.

உங்கள் பர்ஸிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். இதைக் கொண்டுவருபவருக்கு நூறு ரூபாய் தருகிறேன் என்று ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நோட்டு கேஷாக இல்லாமல் வெறும் வாக்குறுதியாக இருந்த காலத்தின் வாசகம் அது. இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

பேங்கில் ‘கேஷ் கிரெடிட்’ என்கிறார்கள். அது கடன்தானே, ஏன் கேஷ்?

கடன்தான். சின்னக் கம்பெனி, அரிசி மண்டி, ஜவுளிக் கடை நடத்துகிறவர்களுக்கு சி.சி. அக்கவுண்ட் என்றால் தெரியும். சரக்கை அடமானம் காட்டி, வரம்புக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்து, வந்ததும் கட்டி, எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி கொடுப்பது. இந்த ஏற்பாடும் பெயரும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை. ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 1728-ல் எடின்பரோவில் வில்லியம் ஹாக் என்ற வியாபாரிக்கு, அவர் கணக்கில் இருப்பதைவிட ஆயிரம் பவுண்டு வரைக்கும் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் கேஷ் கிரெடிட். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-ல் ஸ்காட்லாந்து வங்கிகளைப் பற்றி எழுதும்போது இதை விளக்கமாகச் சொல்கிறார். பிரிட்டனில் ஓவர் டிராஃப்ட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பழைய ஸ்காட்லாந்துப் பெயர் இந்திய வங்கிகளில் உயிரோடு இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஆள் கடன் இல்லை என்று காட்டுவதற்காகக் கேஷ் என்று சொன்னான். நம் ஊர் மேனேஜர் கடனுக்கே அதே பெயரைச் சொல்கிறார்.

கேஷியர் என்றால் பணியிலிருந்து நீக்குவது என்றும் ஆங்கிலத்தில் பொருள் இருக்கிறதே?

இருக்கிறது, முக்கியமாக ராணுவத்தில். அது தனிச் சொல். உடை, ரத்து செய் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினை டச்சு வழியாக வந்தது. கவுன்டரில் உட்காரும் கேஷியர் பணப்பெட்டிக் குடும்பம்.

கேஷ்யூ?

முந்திரிக்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை. பிரேசில் பூர்வகுடிகளான துப்பி மக்களின் மொழிச் சொல் அது. மரத்தைப் போலவே பெயரையும் போர்த்துகீசியர்கள்தான் இங்கே கொண்டுவந்தார்கள். வட இந்தியர்கள் சொல்கிற காஜுவும் அதேதான்.

காசாளர், காசோலை என்று எழுதுவது தவறா?

தவறே இல்லை. கேஷ் என்ற ஒலியைப் பார்த்துச் செய்த சொற்கள் என்று சிலர் ஒதுக்கச் சொல்கிறார்கள். காசை ஆள்பவர் காசாளர், காசுக்கான ஓலை காசோலை. தமிழுக்குள்ளேயே முழுசாகப் பொருள் தருகிற நல்ல சொற்கள். இலங்கையில் வங்கியிலும் பேச்சிலும் காசோலை என்று இயல்பாகவே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் பேச்சில் செக் என்கிறோம். எனக்குக் காசோலை பிடிக்கும், கிடைக்கிற இடத்தில் எல்லாம் எழுதுகிறேன்.

கேஷ் ஆன் டெலிவரி என்று ஆர்டர் போட்டு, வாசலில் ஜிபே பண்ணினால் அது கேஷா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைக்காரரைக் கேட்டால் இல்லை. ‘கேஷா, ஜிபேயா?’ என்று அவர் இரண்டாகப் பிரித்துத்தான் கேட்கிறார். அவருக்குக் கேஷ் என்றால் கையில் தொட முடிகிற நோட்டும் சில்லறையும். வருமான வரிச் சட்டத்தைக் கேட்டாலும் இல்லை. 2017 ஏப்ரலிலிருந்து ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அதே தொகை வங்கி வழியாக வந்தால் தடையில்லை. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த பிறகு கேஷ்லெஸ் என்ற சொல் கிராமத்து டீக்கடை வரைக்கும் வந்தது. ஒரு காலத்தில் நம்பிக்கையான பணம் என்பதற்கு அடையாளமாக இருந்த கேஷ், அந்தப் பேச்சில் கணக்கில் வராத பணத்தின் சாயலை வாங்கிக்கொண்டது.

ஆனால் உங்கள் ஆடிட்டரைக் கேட்டால் ஆமாம் என்பார். பன்னாட்டுக் கணக்கியல் தரத்தின்படி கையிலிருக்கும் நோட்டோடு, கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி இருப்பும் கேஷ். மூன்று மாதத்துக்குள் முதிர்கிற, மதிப்பு அவ்வளவாக மாறாத முதலீடுகளையும் கேஷுக்குச் சமமானவை என்று பக்கத்திலேயே சேர்த்துவிடுவார்கள். வங்கி இருப்பிலிருந்து வாசலில் மாறிய பணம் அவர் புத்தகத்தில் கேஷ்தான். 2008-ல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் கட்டுரை தன் தலைப்பிலேயே அதை எலக்ட்ரானிக் கேஷ் என்றது. தொட்டுப் பார்க்க எதுவுமே இல்லாத ஒன்றுக்கு அந்தப் பெயர். நடுவில் வங்கியோ வேறு யாரோ இல்லாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நேராகப் போகிறது என்ற குணத்தை மட்டும் கேஷிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

டெலிவரி கொண்டுவருகிற தம்பிக்கு இதில் ஒன்றும் குழப்பம் இல்லை. அவர் போனில் உங்கள் ஆர்டர் சி.ஓ.டி. என்று இருக்கும், பையிலிருந்து க்யூஆர் அட்டையை எடுத்து நீட்டுவார். வாசலில் கொடுத்தால் கேஷ், முன்னாலேயே கட்டியிருந்தால் பிரீபெய்ட் என்பது அவர்களுடைய வழக்கு. எதில் கொடுக்கிறோம் என்பது போய், எப்போது கொடுக்கிறோம் என்பது அங்கே பொருளாகிவிட்டது.